மூன்றாவது தறிக்கு ஓர் அறை

எங்கள் வீடு நீளமானது. தெருக்கதவைத் திறந்தால் கூடம். கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தறிகள். அதற்கப்புறம் சமையலறை, அதற்கும் அப்புறம் கிணறும் ஒரு முருங்கை மரமும் இருக்கிற தோட்டம். தறிகளுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் இருந்தோம். நைனா ஒரு தறியில், அண்ணன் ஒரு தறியில். சாயங்காலம் வேலை முடிந்ததும் தறிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வோம். யாருக்கும் இதில் குறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. வைகாசியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும் வரையில்.

அண்ணிக்கு வாலாஜாபாத். அவளுடைய அப்பா அங்கே ஒரு அரிசி மில்லில் எடை போடுகிறவர். கல்யாணம் ஆகி வந்த அண்ணி சமையலறையில் அம்மாவோடு படுத்துக்கொண்டாள். அண்ணன் எப்போதும்போல் தன் தறிக்குப் பக்கத்தில், எனக்கும் சுவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டான். ஆனி மாதம் முழுவதும் இப்படியே போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். அதுவும் பக்கத்து வீட்டில் யாராவது தண்ணீர் இறைக்க வரும் வரையில்தான்.

ஆடி பிறந்ததும், வழக்கப்படி பெண்ணை அழைத்துப்போக அண்ணியின் அப்பா வந்தார். கூடத்தில் நின்று வீட்டை முன்னிருந்து பின்வரைக்கும் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மோர் குடித்தார். கிளம்பும்போது வாசலில் நைனாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு தடுப்பு கிடுப்பு போட்டுக்கினு சொல்லி அனுப்புங்க சம்பந்தி. நானே கொண்டாந்து வுடறேன்."

நைனா சரி என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான்.

எங்கள் குடும்பத்தில் பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருக்கிற நேரத்தில், புடவையின் கரைக்கு ஊடை நூல் வைத்த நாடாவைத் தள்ளுவதற்கு அண்ணன் பக்கத்தில் உட்காருவேன். காகிதம், அளவு, ஆபீஸ் என்று எது வந்தாலும் வீட்டில் என்னிடம்தான் தருவார்கள். ஆகவே அறை கட்டுவதும் என்னிடம் வந்தது. டேப் ஒன்று இரவல் வாங்கி வீட்டை அளந்து, கட்டம் போட்ட தாளில் பிளான் வரைந்தேன். கிணறு, முருங்கை, சமையலறை என்று எல்லாவற்றுக்கும் பெயர் எழுதினேன். சமையலறையை ஒட்டித் தோட்டத்தில் புதிதாக வரும் அறைக்கு என்ன எழுதுவது என்று நைனாவைக் கேட்டேன்.

"அதுக்கு எதுக்குப் பேரு? கட்டினா தெரியும்," என்றார்.

அதோடு கூட, தோட்டத்தில் கிணற்றைச் சுற்றிக் கல் பாவ வேண்டும், கழிவுத் தண்ணீர் போக வாய்க்கால் வேண்டும், ஓலைத் தட்டிக்குப் பதில் குளிப்பதற்குச் செங்கல் மறைப்பு வேண்டும் என்று அம்மா சேர்த்துக்கொண்டாள். குளிக்கிற மறைப்பு எதற்கு என்று அம்மாவால் யாரிடமும் சொல்ல முடிந்தது. "மருமக வந்தா கெணத்தடியில எப்படிக் குளிப்பா?" என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். அறையைப் பற்றி அந்த மாதிரி சொல்ல முடியவில்லை. அறை என்ற சொல் வந்தாலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேறு வேலை ஞாபகம் வந்தது.

முதலில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். குடையும், சட்டைப்பையில் இரண்டு பேனாவும் வைத்திருந்தார். என் பிளானை வாங்கிப் பார்த்தார். பிறகு கூடத்தைப் பார்த்தார், தறியின் பாவு நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார், அவன் கையில் இன்னும் புதிதாக இருந்த மோதிரத்தைப் பார்த்தார்.

"புள்ளைக்குப் புதுசா கல்யாணமா? அப்ப பெட்ரூமா போட்டுடலாம்," என்றார்.

அண்ணன் தறியின் அடியில் எதையோ தேடக் குனிந்தான். நைனா வெயில் ஏறுகிறது என்றார், ஐயாவுக்கு வேறு இடத்தில் வேலை இருக்கும் என்றார், குடையை எடுத்துக் கையில் கொடுத்தார். எங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொண்ட ஆள் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரை மறுபடி கூப்பிடவில்லை.

அடுத்தாற்போல் ஓரிக்கையிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். குடை இல்லை. தோளில் சாக்குப்பை, அதில் கரண்டி, தூக்குக்குண்டு, நூல். தொழில்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது. நைனாவுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் அவரும் கேட்டார், கேட்காமல் எப்படிக் கட்டுவது?

"ரூம் எதுக்கு பெரியவரே? அதுக்குத் தகுந்தாப்ல போடணுமில்ல."

நைனா கிணற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முருங்கை மரத்திடம் சொல்வதுபோல், "தறி போடத்தான். மூணாவது தறி," என்றார்.

மேஸ்திரி போனதும் நான் நைனாவிடம் அது அப்படி இல்லையே என்றேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில், பிளானில் இருப்பதும் கட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"டேய், அவன் ஊர் பூரா வேலை செய்யறவன். நாலு வீட்ல போய்ச் சொல்லிக்கினு இருப்பான். தறின்னா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். சுவர் சுவர்தான்டா. உள்ளாற யார் இருந்தா அவனுக்கு இன்னா?"

நான் பிளானில் அந்த அறைக்குப் பெயர் எழுதாமலே மடித்து வைத்தேன்.

ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்பதால் ஆவணி வரை எல்லோரும் காத்திருந்தோம். மருமகள் எங்கே என்று தெருவில் கேட்டால் ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். ஆவணியிலும் அப்படியே சொன்னாள். புரட்டாசியிலும் ஆடிக்குத்தான் போயிருந்தாள். தெருவிலும் யாரும் மாதத்தை எண்ணிப் பார்த்து அம்மாவைச் சங்கடப்படுத்தவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீடும் எங்கள் வீடு மாதிரி நீளமானதுதான்.

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஆடி அமாவாசைக்கு அண்ணன் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, அரிசி வாங்கிவருகிறேன் என்றான். எங்கே என்று அம்மா கேட்டாள். வாலாஜாபாத்தில் மில்லிலேயே வாங்கினால் நன்றாக இருக்கும் என்றான். சாயங்காலம் பஸ்ஸில் ஒரு சின்ன மூட்டையோடு வந்தான். ஆவணி அமாவாசைக்கும் போனான். அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை என்பது அவனுக்குப் போதவில்லை. கிருத்திகைக்குப் போனான், ஒரு நாள் நெய்யப் பட்டு நூல் வராததால் போனான், ஒரு நாள் போன தடவை வாங்கிய அரிசியில் கல் இருந்ததைச் சொல்லிவிட்டு வரப் போனான். அந்த அரிசியில் கல் இருந்ததாக அம்மா சொல்லவில்லை. சமையலறையில் இடம் இல்லாமல் மூட்டைகளைக் கூடத்தில் தறிக்கும் சுவருக்கும் நடுவில் அடுக்கினோம். நான் படுக்கிற இடம் ஒரு முழம் குறைந்தது. நைனா ஒவ்வொரு தடவையும் மூட்டையைத் தொட்டுப் பார்த்து, நல்ல அரிசி என்று சொன்னார்.

வேலை தொடங்கியது. நான் ஒன்பதடி அகலம் போட்டிருந்தேன். மேஸ்திரி பிளானைத் திருப்பித் தந்து, ஒன்பது ஆகாது, மனையடி சாஸ்திரத்துக்குப் பத்துதான் சுகம் என்றார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். உனக்கு எதுக்கய்யா மனையடி என்று நைனா கேட்டதற்கு, "எனக்கு இல்ல பெரியவரே. உள்ளாற இருக்கப்போறது நீங்கதானே," என்றார். பத்தடியே ஆகட்டும் என்று விட்டுவிட்டோம். அகலம் கூடியதில் அண்ணனுக்கு ஆட்சேபம் இல்லை.

அண்ணன்தான் அந்த வேலையில் பாதி ஆள். தறியிலிருந்து எழுந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் சுமந்தான், சுண்ணாம்பு குழைத்தான், மேஸ்திரி கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். மேஸ்திரிக்கு ஆச்சரியம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நானும் எவ்வளவோ வீட்ல வேலை செஞ்சிருக்கேன் தம்பி. தறி மேல இப்படி ஆசை வெச்ச பையனை நான் பார்த்ததில்ல."

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

புரட்டாசியில் சுவர் இடுப்பளவு வந்ததும் மேஸ்திரி வருவது நின்றது. செவிலிமேட்டில் யாரோ புதிதாக வீடு கட்டுகிறார்கள், அங்கே இருக்கிறார் என்று தெரிந்தது. சைக்கிளில் போய் நின்றேன். அவர் சாரத்தின் மேலிருந்து என்னைப் பார்த்து, நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளைக்கு என்பது ஒரு வாரம் வரை நீளக்கூடியது. ஒரு ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கடமை உண்டு என்று நான் கீழே நின்று விளக்கினேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "உங்க வீட்ல ரெண்டு தறி ஓடிக்கினுதானே இருக்குது? மூணாவதுக்கு இன்னா அவசரம்?" என்றார்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. சொல்ல முடியவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். விஷயத்தைக் கேட்ட அண்ணன் மறுநாள் தானே செவிலிமேட்டுக்குப் போனான். என்ன பேசினானோ, மேஸ்திரி அவனோடேயே வந்தார். வந்தவர், தொழிலில் இவ்வளவு தவிப்பு இருக்கிற பையனுக்கு ஒரு குறையும் இல்லாமல் செய்து தருகிறேன் என்று நைனாவிடம் வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றினார். அங்கேதான் எங்களுக்குச் சிக்கல் தொடங்கியது.

சுவர் எழும்பி, ஓடு போட்டதும், தரைக்கு வந்தார். எங்கள் ஊர்த் தறியில் நெய்கிறவன் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். மேஸ்திரி அறையின் நடுவில் கடப்பாரையால் கோடு கிழித்துக் குழி வெட்ட ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். நைனா தறியிலிருந்து எழுந்து வந்தார். குழியின் ஓரத்தில் நின்றார். நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் ஒரு சாண் எறக்கு," என்றார்.

நான் மெதுவாக, நைனா குழி வேண்டாமே என்றேன். குழி இல்லாமல் எப்படித் தறி போடுவது என்று என்னைக் கடிந்துகொண்டார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. ஆனால் மேஸ்திரி ஒரு பக்கத்தைச் செதுக்கும்போது கோணுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கீழே இறங்கிக் காலை வைத்து, முட்டி எங்கே வரும், மிதி எங்கே வரும் என்று காட்டினார். மேஸ்திரியும் நைனாவும் அன்றைக்கு முழுவதும் அந்தக் குழியிலேயே இருந்தார்கள். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். உள்ளே போய் அரிசி புடைத்தாள்.

ஜன்னலும் அப்படித்தான். உட்கார்ந்து நெய்கிறவனுக்குப் பாவின் மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்று தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், அகலமாக, வடக்குப் பார்த்து வைத்தார். வடக்கே பக்கத்து வீட்டுக் கிணறு. அந்த வீட்டு அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டே எங்கள் புது அறையை மூலை முதல் மூலை வரை பார்த்து, நல்ல வெளிச்சம் என்று பாராட்டினார். அதே மேஸ்திரி, குளிக்கிற மறைப்பைத் தோளளவுக்குக் கட்டி நிறுத்தினார். அம்மா அதை இரண்டு தடவை உயர்த்த வைத்தாள். அதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. மேஸ்திரிக்கு மட்டும், குளிப்பதற்கு இவ்வளவு மறைவு எதற்கு, தறிக்கு வெளிச்சம்தானே முக்கியம் என்று இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தலைதீபாவளிக்கு அண்ணன் வாலாஜாபாத் போனான். இந்தத் தடவை அரிசி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதனால் போகும்போது கொஞ்சம் சிரித்த முகமாகக்கூட இருந்தான். திரும்பி வந்தபோது அந்த முகம் இல்லை. மாமனார் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது என்று கரை நாடா தள்ளும்போது என்னிடம் சொன்னான். அந்த மாதத்தில் அவன் நெய்த புடவையில் இரண்டு இடத்தில் புட்டாப் பூ தவறியிருந்தது. அதற்கு முன் அவன் கையில் அப்படி ஆனதில்லை.

கார்த்திகை பிறந்து மழை விட்டதும் சாப்பிடும்போது நைனா பேச்செடுத்தார். குழி நன்றாக விழுந்துவிட்டது என்றார். இந்த மாதிரிக் குழி இந்தத் தெருவிலேயே இல்லை என்று வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள் என்றார். அது உண்மைதான். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"தறியைப் போடாம வுட்டா பாவம்."

யார் நெய்வது என்று யாரும் கேட்கவில்லை. நைனா என்னைப் பார்த்தார். பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் படித்ததை எல்லாம் நான் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப அவ?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்கு வேற பார்க்கலாம்," என்றார் நைனா.

அண்ணன் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டான். இலையில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் அமாவாசையும் இல்லை, கிருத்திகையும் இல்லை. அண்ணன் அரிசிக்குப் பை எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினான். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நைனா தச்சரிடமிருந்து வாங்கி வந்திருந்த தறிக் கம்பங்களைப் புது அறையில் சாய்த்து வைத்தார். கடைசியாக வெள்ளை அடிக்க மேஸ்திரி வந்திருந்தார். அவரையே கம்பம் நட இடம் பார்க்கச் சொல்லி நைனா கேட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. அண்ணன் கையில் டிரங்குப் பெட்டி. அவனுக்குப் பின்னால் அண்ணி. கொண்டுவந்து விட அவளுடைய அப்பா வரவில்லை. தானாகவே கிளம்பி அண்ணனோடு வந்திருந்தாள்.

அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அண்ணி குடித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே தோட்டத்துக்கு நடந்தாள். குளிக்கிற மறைப்பைப் பார்த்தாள், தலையாட்டினாள். புது அறைக்குள் வந்தாள். குழியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு அம்மா வாளியோடு நின்றிருந்தார். அண்ணி அவரையும் பார்த்தாள். அதற்கு முன்னால் ஆனி மாதம் முழுவதும் அவள் எங்கள் வீட்டில் பேசி நான் கேட்டது மிகக் கொஞ்சம். அவளுக்குக் குரல் சின்னது என்று நினைத்திருந்தேன்.

"மேஸ்திரி, இந்தப் பள்ளத்தை மூடிடுங்க. ஜன்னலை மேல தூக்கி வைங்க. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்ல, அதையும் வைக்கணும்," என்றாள்.

மேஸ்திரி சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தார். "தறி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் எதுக்கும்மா?"

"இது தறி ரூம் இல்ல. நானும் அவரும் இருக்கறதுக்குக் கட்டினது."

இப்படி ஒரு வாக்கியத்தை எங்கள் வீட்டில் ஆறு மாதமாக யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். அண்ணன் கிணற்றடிக்குப் போய் யாருக்கும் தேவைப்படாத தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். அம்மா அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பே மூட்டியிருக்கவில்லை. நான் என் பிளானைப் பிரித்துப் பார்த்தேன். நைனா மட்டும், கையில் பிடித்திருந்த தறிக் கம்பத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

மேஸ்திரி கவிழ்த்துப்போட்டிருந்த சாந்துச் சட்டியின் மேல் உட்கார்ந்தார். அண்ணனைப் பார்த்தார். அவன் செங்கல் சுமந்தது, சுண்ணாம்பு குழைத்தது, செவிலிமேட்டுக்கு வந்து நின்றது எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. குழியின் ஓரத்தைக் கையால் தடவினார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா இந்தக் குழிய வெட்டியிருக்க மாட்டேன் பெரியவரே. நான் வெட்டினதுலயே நல்ல குழி இது."

"ஆமாம்," என்றார் நைனா. "நல்ல குழி."

பிறகு அண்ணி முருங்கை மரத்தடியில் குவித்திருந்த மண்ணைக் காட்டி, இதையே போட்டு மூடலாமா என்று நைனாவிடம் கேட்டாள். மாமா என்று கூப்பிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள். நைனா கம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மண் பத்தாது, பாலாற்று மணலும் கொஞ்சம் வேண்டும் என்றார். இதைச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் நெய்த வேகத்தில் தறி ஓடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

குழியை அண்ணனே மூடினான். ஒருவரையும் கூடையைத் தொட விடவில்லை. நல்ல குழியை ஏன் மூடினீர்கள் என்று தெருவில் கேட்டார்கள். தண்ணீர் ஊறுகிறது என்று அம்மா சொன்னாள். ஜன்னல் மேலே போனது. பக்கத்து வீட்டு அம்மா, இப்போது வெளிச்சம் குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டார்.

தாழ்ப்பாளுக்கு மேஸ்திரி தானே இரும்புக்கடைக்குப் போனார். தெரியாமல் செய்த தப்புக்கு ஈடு செய்ய நினைத்தாரோ என்னவோ, கடைகளுக்குப் போடுகிற பெரிய தாழ்ப்பாளாக வாங்கி வந்து பொருத்தினார். உறுதியானது. போடும்போதும் எடுக்கும்போதும் வண்டி அச்சு முறிகிற மாதிரி சத்தம் வந்தது. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் கூடத்தில் நைனா பலமாக இருமினார். அம்மா கழுவி வைத்திருந்த பாத்திரத்தை மறுபடியும் எடுத்துத் துலக்கினாள். நான் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தேன். பரீட்சை எப்போதோ முடிந்திருந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது.

அதற்கு அடுத்த நாள் அண்ணி ஒரு கரண்டியில் நல்லெண்ணெய் எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளுக்கு விட்டாள். அப்புறம் சத்தம் வரவில்லை. எப்போது போடுகிறார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. நைனாவுக்கு அது வசதிப்படவில்லை. எந்த நேரத்தில் இருமுவது என்று தெரியாததால், அவர் சாயங்காலம் தொடங்கித் தூக்கம் வரும்வரை அவ்வப்போது இருமிக்கொண்டே இருந்தார். அவருக்கு மார்ச்சளி என்று நினைத்து அண்ணி தினமும் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அவரும் அதைக் குடித்துவிட்டு மறுபடியும் இருமினார்.